டாரல் பெரியப்பாவின் இரட்டைக்குழல்

"சாம்பல் ஜாக்கெட் போட்டவரு, தலையில தொப்பி இல்ல, கையில ஒரு இரட்டைக்குழல். இந்தப் பக்கம் போனாரா சார்?"

கத்தி விற்கிறவர் ரேலினை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். அந்தப் பெரிய தகரக் கொட்டகையில் நானூறு மேசை, ஆயிரத்துக்குக் குறையாத ஆண்கள். கையில் துப்பாக்கியோடு ஒருத்தர் போனாரா என்று துப்பாக்கிச் சந்தையில் கேட்பதும், வாயில் சோற்றோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரா என்று கல்யாணப் பந்தியில் கேட்பதும் ஒன்றுதான்.

"பேரு என்ன அவருக்கு?"

"தெரியாது. எங்க மேசையில வாங்கிட்டுப் போனாரு."

"யாருக்கு வித்தோம்னே தெரியாதா பாப்பா?"

"இங்க யாரு சார் பேரு கேக்குறாங்க?"

அவரும் இருபது வருஷமாக யாரிடமும் கேட்டதில்லை.

ரேலின் அடுத்த வரிசைக்கு ஓடினாள். ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. நல்ல காரணத்தோடுதான் எழுதியிருந்தார்கள். அதனால் ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஒரு மாதிரி போனாள்.

நடந்தது இவ்வளவுதான். அப்பா லோயல் காலையில் நாலு துப்பாக்கியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்து மேசை போட்டார். வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, கியர் தொழிற்சாலை நவம்பரில் மூடியதிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. எல்லாத்தையும் விற்றுவிடலாம் என்றது அம்மா மார்லாதான். அப்பாவும் அதிசயமாகத் தலையாட்டிவிட்டார். பதினோரு மணிக்குள் இரண்டு போய்விட்டது. மிச்சம் ஒரு மான் வேட்டைத் துப்பாக்கியும், மூலையில் ஒரு பழைய இரட்டைக்குழலும்.

அப்பா பீன்ஸும் சோளரொட்டியும் வாங்கி வருகிறேன் என்று போனார். போன நாலாவது நிமிஷம் அந்த ஆள் வந்தார். இரட்டைக்குழலைக் காட்டினார். விலை அட்டையில் இருநூற்றைம்பது டாலர் என்றிருந்தது. ஒரு காகித உறையை எடுத்து நீட்டினார். உள்ளே சரியாக இருநூற்றைம்பது. நோட்டெல்லாம் தேய்த்து மடித்த மாதிரி மொடமொடவென்று இருந்தது, சலவைத் தூள் வாசனை வேறு.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தச் சந்தையில் அட்டையில் போட்ட விலையை யாரும் கொடுப்பதில்லை. எடுத்துப் பார்க்க வேண்டும், குழலுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டும், கட்டையில் கீறல் இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டும், வைத்துவிட்டுப் போக வேண்டும், அரை மணி கழித்து வேறு எதற்கோ வந்தவர் மாதிரி திரும்பி வர வேண்டும். பேரம் பேசாமல் வாங்குகிறவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்பா சின்ன வயசிலிருந்தே சொல்லியிருக்கிறார். ஆனால் ரேலினுக்கு அது முதல் வியாபாரம். தன் முகராசி என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் போன கையோடு அப்பா போன் பண்ணினார், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி.

"ரே, மூலையில இருக்கு பாரு, டாரலோடது. அதை எடுத்து மேசைக்கடியில வெச்சிடு. அது விக்கிறதுக்கு இல்ல. ஸ்பிரிங் ஒண்ணு தளர்ந்திருக்கு, ரிப்பேர் பண்ற அமோஸ்கிட்ட காட்டிட்டு வாங்கன்னு உங்கம்மா சொன்னா, அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

"சரிப்பா," என்றாள் ரேலின். வேறு என்ன சொல்வாள்?

டாரல் பெரியப்பா போன செப்டம்பரில் மாரடைப்பில் போனார். அப்பாவுக்கு அண்ணன், சிநேகிதன், வேட்டைத் துணை எல்லாம் அவர் ஒருத்தர்தான். அதற்கப்புறம் அப்பா வீட்டில் பேசின வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதி நாள் சாப்பிடுவதில்லை. தூங்குவதும் இல்லை. அவர் ஆசையாகத் தொடுகிற பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த இரட்டைக்குழல். கராஜில் உட்கார்ந்து மணிக்கணக்காக அதைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார். அப்பாவுக்கு அதாவது இருக்கிறதே என்று ரேலின் நிம்மதிப்பட்டுக்கொள்வாள்.

அதைத்தான் அவள் இப்போது விற்றுத் தொலைத்திருந்தாள்.

அதில் ஏன் விலை அட்டை தொங்கியது என்று யோசிக்கவே வேண்டாம். அப்பாவின் எழுத்து அப்பாவுக்கே புரியாது என்பதால் நாலு அட்டையையும் அம்மாதான் எழுதிக் கட்டினாள். அம்மாவுக்கு இந்தக் குளிர்காலத்தில் மறதி முற்றிவிட்டது. கராஜ் சாவியை இரண்டு தடவை தொலைத்தாள். அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டியை எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று கையை விரித்தாள். அப்பா ஒரு வாரம் தேடினார். இப்போது விற்கக் கூடாததில் அட்டை கட்டியிருக்கிறாள். மாட்டிக்கொண்டது மட்டும் ரேலின்.

அடுத்த வரிசையிலும் அந்த ஆள் இல்லாததால், வாசலில் நின்ற ஷெரீஃப் உதவியாளரிடம் போனாள். உள்ளே வருகிற துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்து, குழல் வழியாகப் பிளாஸ்டிக் நாடா கோத்து இறுக்குவது அவர் வேலை. இரட்டைக்குழல் எதுவும் வெளியே போகவில்லை என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் கேட்ட நல்ல செய்தி. மறுபடி உள்ளே போகப் பார்த்தவளை, பதினெட்டு ஆகாதவள் பெரியவர் துணையில்லாமல் வரக் கூடாது என்று நிறுத்தினார். அப்பா உள்ளேதான் இருக்கிறார் என்றாள். அப்படியானால் நீ ஏன் வெளியே வந்தாய் என்றார்.

"சார், ஒருத்தரு எங்க துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"திருடிட்டாரா?"

"இல்ல. நான்தான் வித்தேன்."

"காசு குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"அட்டையில இருந்த விலையா?"

"ஆமா."

"இதுல என்னம்மா புகாரு? நியாயமா நடந்துக்கிட்ட மனுஷனை நான் என்னன்னு பிடிக்கிறது?"

"அவரு யாருன்னு எழுதி வெச்சிருக்க மாட்டீங்களா?"

அவர் பொறுமையாக விளக்கினார். கடை உரிமம் உள்ளவர்களிடம் வாங்கினால் நிரப்பிக் கொடுக்கப் பாரம் உண்டு. வீட்டுத் துப்பாக்கியை ஒருத்தருக்கொருத்தர் விற்றுக்கொண்டால் கென்டக்கியில் பெயரும் இல்லை, பாரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ரேலினுக்குக் காதெல்லாம் சூடானது. போன கோடையில் விலங்குக் காப்பகத்தில் ஒரு நாய்க்குட்டி கேட்டாள். ஒற்றைக் காது மடங்கிய சொறி நாய். அதற்கு மூன்று பக்கப் பாரம், இரண்டு பேர் சிபாரிசு, கடைசியில் ஒரு பெண்மணி டேப்போடு வீட்டுக்கு வந்து வேலியின் உயரத்தை அளந்துகொண்டு போனாள். போன வாரம் இருமல் மருந்து வாங்கப் போனால் பிறந்த தேதி கேட்டார்கள். இன்று காலை இதே வாசலில் ஒரு டாலர் குலுக்கல் சீட்டு கேட்டதற்கு, உனக்கு வயசாகவில்லை என்று சீட்டுக்காரம்மா பெட்டியை மூடிவிட்டாள். குலுக்கலில் பரிசு ஒரு ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டிக்கு வயசு வேண்டும். இரட்டைக்குழலை விற்க ஒரு மண்ணும் வேண்டாம்.

இதை அவரிடம் சொல்லவும் செய்தாள். "சட்டம் நான் போட்டதில்லம்மா," என்று அவர் அடுத்த ஆளுக்கு நாடா கட்டப் போய்விட்டார்.

போன் அடித்தது. அம்மா. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"ஏதாவது வித்துச்சாடி?"

ரேலின் பொய் சொன்னாள். ஒன்றும் விற்கவில்லை என்றாள்.

"ஒண்ணுமே இல்லையா? மூலையில கூட?"

"எதுவுமே இல்லம்மா. எல்லாம் பத்திரமா இருக்கு."

அம்மாவின் குரல் கம்மிவிட்டது. அப்பாவைத் தனியாக விடாதே, கூடவே இரு என்றாள். பதினேழு வயசில் பெற்ற அப்பாவுக்கு ஆயா வேலை. கூரைக் காசுக்குத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டு ரேலின் போனை வைத்தாள்.

காய்ந்த மாட்டிறைச்சி விற்கிற வெண்டலிடம்தான் முதல் தடயம் கிடைத்தது. அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை மாதிரிக்கு நீட்டியபடியே சொன்னார்.

"தொப்பி இல்லாத ஆளா? அவன்கிட்ட இருந்து நான்தானே வாங்கினேன். தொண்ணூறு டாலர்."

"தொண்ணூறா? எங்கிட்ட இருநூத்தம்பது குடுத்து வாங்கிட்டுப் போனாரே. அரை மணி கூட ஆகல."

"அப்படியா? நான் எதிர்ல வந்தவனை, விக்கிறியாப்பான்னு சும்மா கேட்டு வெச்சேன். எவ்வளவு தருவேன்னான். தொண்ணூறுன்னேன். அவன் நூத்தெண்பதுன்னு ஆரம்பிப்பான், நான் நூத்திருபதுல முடிப்பேன்னு நெனச்சா, இந்தான்னு கையில குடுத்துட்டான். செத்த எலியை வாலைப் பிடிச்சுத் தூக்குவாங்களே, அந்த மாதிரி பிடிச்சிருந்தான் பாப்பா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேரம் பேசாம வாங்கினா அது வியாபாரமா?"

இது என்ன மாதிரி மனுஷன் என்று ரேலினுக்குக் கொதித்தது. நூற்றறுபது டாலரைக் காற்றில் விடுவதற்கு அவனுக்கு எங்கள் டாரல் பெரியப்பாதானா கிடைத்தார்? வேறு மேசையே இல்லையா? சரி, தொண்ணூற்றைந்து தருகிறேன், திருப்பிக் கொடுங்கள் என்றாள். வெண்டல் இறைச்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அவர் அதற்குள் இரட்டைக்குழலை ஒரு தொலைநோக்கிக்கு மாற்றிவிட்டிருந்தார். பின்சுவர் ஓரம், ஆர்டித் என்ற அம்மாவிடம்.

ஆர்டித்துக்கு எழுபது வயசிருக்கும். மேசையில் பின்னல் ஊசி, நூல்கண்டு, முப்பது துப்பாக்கி. பெரியப்பாவின் இரட்டைக்குழல் நடுவில் கிடந்தது. அதன் குழலில் ஒரு குச்சியைச் செருகி, குச்சி நுனியில் கொடி மாதிரிக் காகிதம் ஒட்டியிருந்தாள். முந்நூற்றைம்பது.

ரேலின் அதைத் தொட்டாள். கட்டையில் பெரியப்பா செப்புக் கம்பி சுற்றின விரிசல் அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. விற்கிறவர் எதிரில் ஒரு பொருளைப் பார்த்து அழுதவர்கள் அந்தச் சந்தையிலேயே யாரும் கிடையாது.

"என்னம்மா தங்கம், தெரிஞ்ச துப்பாக்கியா?"

ரேலின் எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியப்பா செத்தது, அப்பா பேசாமல் போனது, கராஜில் உட்கார்ந்து துடைப்பது, விட்டால் அப்பா உடைந்தே போய்விடுவார் என்பது வரைக்கும். ஆர்டித் பின்னுவதை நிறுத்திவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மூக்கைக்கூட ஒரு தடவை உறிஞ்சினாள். பிறகு பேனாவை எடுத்து, கொடியில் இருந்த முந்நூற்றைம்பதை அடித்து ஐந்நூறு என்று எழுதினாள்.

"மேடம்!"

"கோவப்படாத தங்கம். கதை இல்லாத துப்பாக்கி ஒரு விலை, கதை இருக்கிற துப்பாக்கி ஒரு விலை. இப்ப நீ சொன்ன கதையை நான் வர்றவங்ககிட்டல்லாம் சொல்லலாம் பாரு. செப்புக் கம்பி வேற இருக்கு."

அது என் கதை என்றாள் ரேலின். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றாள் ஆர்டித், நிஜமான வருத்தத்தோடு. அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாடிக்காரர் ஒருத்தர் வந்து இரட்டைக்குழலைத் தூக்கிப் பார்த்தார். ஆர்டித் அவரிடம், "இதுக்கு ஒரு சோகமான கதை உண்டு," என்று ஆரம்பித்தாள்.

ரேலின் உறையை மேசையில் போட்டாள். இருநூற்றைம்பது போதாது. தாடிக்காரர் குழலுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். அதாவது அவர் வாங்கப்போகிறார்.

ஐந்து நிமிஷம் பிடித்து வையுங்கள் என்று ஆர்டித்திடம் கெஞ்சிவிட்டு, தன் மேசைக்குப் போய் மிச்சமிருந்த மான் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வழி நெடுக ஆட்கள் நிறுத்தினார்கள். விக்கிறியா, எவ்வளவு, குழல் பார்க்கலாமா. ஒருத்தர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அறுநூறு தருகிறேன் என்றார். அவரிடம் விற்றுவிட்டு நூறு டாலர் மிச்சம் பார்த்திருக்கலாம். கணக்கு நிதானமாக இருக்கிறவர்களுக்கு வருவது. ரேலின் கையை உதறிக்கொண்டு ஓடினாள், இந்தத் தடவை நிஜமாகவே.

"இதை வெச்சுக்கிட்டு அதைக் குடுங்க."

ஆர்டித் மான் துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் விலை அவளுக்குத் தெரியும். ரேலினுக்கும் தெரியும் என்பதும் தெரியும்.

"உறையையும் சேர்த்தே குடுத்துடு தங்கம். கதைக்கு."

கொடுத்தாள். கூரையையே கொடுத்த மாதிரிதான். இரட்டைக்குழலைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். ஆர்டித் பின்னாலிருந்து, பாரம் எதுவும் வேண்டாம், பெயர்கூட வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று ரேலினுக்கும் தெரியும்.

மேசைக்கு வந்து மூச்சு விடுவதற்குள் அப்பா தட்டோடு வந்துவிட்டார். காலியான மேசையைப் பார்த்தார். மான் துப்பாக்கி எங்கே என்று கேட்பார், என்ன சொல்வது என்று அவள் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினாள். அவர் கேட்கவில்லை. மகள் மடியில் இருந்த இரட்டைக்குழலைத்தான் பார்த்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"மடியிலயே வெச்சிருக்கியா? மேசைக்கடியில வெச்சாப் போதும்னுதானே சொன்னேன்."

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். மற்றதெல்லாம் போகட்டும், இது ஒன்று இருந்தால் எனக்குப் போதும் என்றார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, நாலு மேசை தள்ளி இருந்த அமோஸிடம் ஸ்பிரிங்கைக் காட்டப் போனார். போகும்போது அவர் சட்டைப் பையில் சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அம்மா தொலைத்ததற்குப் பதிலாக வழியில் ஒரு பெட்டி தோட்டா வாங்கியிருந்தார்.

ரேலின் அப்பாவின் தட்டிலிருந்து சோளரொட்டியை எடுத்துக் கடித்தாள். உலகத்தில் அவ்வளவு ருசியான ரொட்டி அதுவரை சுடப்படவில்லை.

அப்போதுதான் சாம்பல் ஜாக்கெட் அவள் எதிரில் வந்து நின்றது. தொப்பி இல்லை. கையில் ஒரு காகிதத் தட்டு.

ரேலின் எழுந்தே நின்றுவிட்டாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. நீங்கள் எல்லாம் என்ன மனுஷர் சார் என்றாள். விலை பேசத் தெரியாதவருக்குச் சந்தையில் என்ன வேலை என்றாள். இருநூற்றைம்பது கொடுத்து வாங்கினதைத் தொண்ணூறுக்குத் தள்ளிவிட்டீர்களே, அது எங்கள் வீட்டுக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்றாள். எங்கள் அப்பாவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா பரவாயில்ல," என்று முடித்தாள் ரேலின். "தேடிக் கண்டுபிடிச்சு நானே திரும்ப வாங்கிட்டேன். அதோ பாருங்க, எங்கப்பா கையில இருக்கு."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாலு மேசை தள்ளி லோயல் குழலை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்து அமோஸிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். காகிதத் தட்டு சாம்பல் ஜாக்கெட்காரரின் கையிலேயே மடங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, கசங்கிய தொண்ணூறு டாலரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் பேரு பாஸ்கம், பாப்பா, உங்கம்மா வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துல பாய்லர் பார்க்கிறவன். இதைக் கொண்டுபோய் மார்லாகிட்ட குடுக்கணும், ஏன்னா அந்த அட்டையைக் கட்டினதும் அவங்கதான், உறையில இருந்த காசும் அவங்கதான் அங்க சலவைக்கூடத்துல வேலை பார்த்து ஆறு வாரமாச் சேர்த்தது. 'தோட்டாவை ஒளிச்சு வெச்சாச்சு, கராஜ் சாவியை ஒளிச்சு வெச்சாச்சு, இருந்தும் தினமும் ராத்திரி லோயல் அந்த இரட்டைக்குழலை மடியில வெச்சுக்கிட்டு என்னத்த யோசிக்கிறாருன்னு எனக்குத் தெரியும் பாஸ்கம், யார் கைக்காவது போகட்டும், எங்க வீட்டுக்கு மட்டும் திரும்ப வந்துடக் கூடாது'ன்னு உங்கம்மா எங்கிட்ட அழுதாங்க. இப்ப நான் அவங்ககிட்ட போயி என்னம்மா சொல்லட்டும்?"